அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள்

மட்டக்களப்பு,
19.01.2025

அன்புள்ள உசாந்தி அக்காவுக்கு,

நலம் கேட்டு எழுதும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு தொடங்குகிறேன். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். என் இலக்கத்தை உங்கள் தொலைபேசியில் தடுத்து வைத்திருப்பதாக நிலக்சி சொன்னாள். கோபமில்லை. சுவிஸில் அத்தானோடு பழகுகிற ஆட்களுக்கு நடுவில், உங்கள் தங்கை சிங்கள ஆமியில் கோப்ரல் என்ற கதை போனால் உங்களுக்கு என்ன பாடு என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். வாசித்துவிட்டுக் கிழித்துப் போடலாம்.

முதலில் அம்மாவின் விஷயம். சீனி வருத்தம் கூடிவிட்டது. இடது காலில் புண். பெருவிரல் கறுத்துவிட்டது என்று நிலக்சி சொல்கிறாள். மாமாவின் மகளாக இருந்தும் அவள் ஒருத்திதான் இன்னும் என்னோடு பேசுகிறாள். நான் வாங்கும் மருந்தைத் தான் வாங்கியதாகச் சொல்லி அம்மாவிடம் கொடுத்து வந்தாள். போன மாதம் அம்மா மருந்துப் பையில் இருந்த கடைப் பெயரைப் பார்த்திருக்கிறார். "இது டவுன் கடயெல்லோ. நீ எப்ப டவுனுக்குப் போன நீ?" என்று கேட்டாராம். கேட்டுவிட்டு மருந்தைப் பையோடு வேலிக்கு வெளியே எறிந்துவிட்டார். அம்மா என் கையால் எதையும் வாங்காமல் விட்டு எத்தனையோ வருஷம். நீங்கள் சொன்னால் கேட்பார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.

அவங்களோட எப்பிடித்தான் இருக்கிறாய் என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். அப்போது நான் அழைப்பைத் துண்டித்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

கிளார்க் வேலை என்று சொல்லித்தான் எங்களைச் சேர்த்தார்கள். முதல் இரண்டு வருஷம் நாங்கள் துவக்குப் பிடித்ததை விடச் சேலை கட்டியதுதான் அதிகம். வெளியிலிருந்து விருந்தாளிகள் வரும்போதெல்லாம் தமிழ்ப் பிள்ளைகள் வரிசையில் நின்று கும்மியடிக்க வேண்டும். படம் எடுப்பார்கள். விருந்தாளிகள் போனதும் நாங்களே மேடையைக் கூட்டுவோம். பிறகு தையல் பகுதியில் இருந்தேன். சிங்களம் நன்றாக வந்துவிட்டதால் இப்போது மொழிபெயர்ப்பு. காணிப் பிரச்சினை, மீனவர் சங்கக் கூட்டம், எது என்றாலும் என்னைக் கூட்டிப்போவார்கள். நான் நானாக ஒன்றும் பேசுவதில்லை. அவர்கள் சொல்வதை இவர்களுக்கும் இவர்கள் சொல்வதை அவர்களுக்கும் சொல்கிறேன்.

எனக்குப் பக்கத்துக் கட்டில் சந்திரலதாவுடையது. மொனராகலைப் பக்கத்துப் பிள்ளை. காய்ச்சல் வந்தால் எனக்குக் கஞ்சி காய்ச்சித் தருபவள் அவள்தான். அவளுடைய அண்ணன் நம் படுவான்கரைச் சண்டையில் செத்த ஆமிக்காரர். ஒருநாள் மத்தியானம் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, உன் அண்ணன்தான் சுட்டானோ என்னவோ என்று சொன்னாள். சொல்லிவிட்டுப் பெரிய துண்டை என் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். என் அண்ணன் துவக்கே தொடாதவன் என்று நான் சொல்லவில்லை. துண்டைச் சாப்பிட்டேன். இங்கே இருப்பது என்றால் இப்படித்தான், அக்கா.

ஊரிலும் பெரிய வித்தியாசமில்லை. லீவில் வந்தால் சாதாரண உடுப்பில்தான் வருவேன். சாமித்தம்பி அண்ணன் கடையில் சீனி மூட்டை வாய் திறந்து நிற்கும். அதற்கு முன்னால் நின்றுகொண்டே "சீனி முடிஞ்சு" என்பார். களுதாவளையிலிருந்து என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணீர் குடித்து முடிக்கும் முன் யாரோ காதில் போட்டுவிட்டார்கள். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார்கள். அம்மா அந்தக் கோப்பையைக் கழுவாமல் வெளியே வீசினார்.

இன்னும் இரண்டு வருஷம் போனால் ஓய்வு கிடைக்கும். அதுவரை என்னை நினைக்காமல் இருந்தாலும் பரவாயில்லை. அம்மாவின் காலை நினையுங்கள். பிள்ளைகளுக்குச் சித்தியின் அன்பைச் சொல்லுங்கள். யாருடைய அன்பு என்று சொல்லாவிட்டாலும் சரி.

உங்கள் தங்கை,
ஆர்த்திகா


மட்டக்களப்பு,
08.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் அம்மாவோடு பேசியதாக அறிந்தேன். நல்லது செய்தீர்கள். ஆஸ்பத்திரியில் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். தடி ஊன்றி நடக்கிறார். நடந்து ஒரு விழாவுக்கு வந்தபடியால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

நம் ஊர் பாலர் பாடசாலைக்கு ஆமி புதுக் கூரை போட்டுக் கொடுத்தது. திறப்பு விழாவுக்குக் கேணல் வந்தார். மொழிபெயர்க்க என்னைப் போகச் சொன்னார்கள். அது என் ஊர், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சார்ஜன்டிடம் கெஞ்சினேன். ஊர் என்றால் இன்னும் நல்லது, வழி தெரியும் என்றார்.

வாசலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் படங்களோடு நின்றார்கள். அம்மா முன்வரிசையில் நின்றார். அண்ணன் துசாந்தனின் அந்தப் பள்ளிக்கூடப் படம் கையில் இருந்தது. கேணல் கெட்ட மனிதர் இல்லை. பொலிஸ்காரர் அவர்களை விலக்கப் போனபோது தடுத்தார். ஒருவர் மேடைக்கு வந்து பேசட்டும், நான் கேட்கிறேன் என்றார். நன்றாகப் பேசக்கூடியவர் என்று அம்மாவைத்தான் எல்லோருமாக அனுப்பினார்கள்.

அம்மா எனக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. ஒலிவாங்கியையும் பார்க்கவில்லை. கேணலின் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"கூர போட்டுத் தந்திருக்கீங்க, புண்ணியம். ரெண்டாயிரத்தி ஏழாம் ஆண்டு நாங்க அகதி முகாமில இருக்கக்குள்ள, என்ட மகன விசாரிச்சிப்போட்டு விடுறம் எண்டு கூட்டிப் போனீங்க. அவன் சாரத்த மட்டும் கட்டிக்கிட்டு நிண்டவன். சேட்டப் போட்டுக்கிட்டு வாறன் எண்டவன், விடல்ல. நான் சேட்டக் கையில வெச்சிக்கிட்டுப் பின்னால ஓடினன். அவன் இருக்கானா, இல்லயா, அத மட்டும் சொல்லுங்க. இல்லயெண்டா கிடக்கிற இடத்தக் காட்டுங்க. நான் ஒருத்தரயும் ஏசமாட்டன்."

நான் சிங்களத்தில் சொன்னேன். ஒரு சொல்லும் குறைக்கவில்லை. பேசுகிறவர் 'என் மகன்' என்றால் மொழிபெயர்ப்பவரும் 'என் மகன்' என்றே சொல்ல வேண்டும் என்று எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். அப்படியே சொன்னேன். கூட்டத்தில் நின்றவர்கள் அம்மாவைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊர் முழுவதற்கும் தெரியும். கேணலுக்குத்தான் தெரியாது.

கேணல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். பிறகு அன்பாகத்தான் கேட்டார், அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று. நான் அதைத் தமிழில் அம்மாவிடம் கேட்டேன்.

"ரெண்டு," என்றார் அம்மா. "மூத்தவள் சுவிஸில. மத்தவன் உங்கட்ட."

நான் கேணலிடம் திரும்பி இரண்டு என்றேன். சிங்களத்திலும் அது சின்னச் சொல்தான். நாக்கில் சிக்கவில்லை.

இந்தத் தாய்க்கு உலர் உணவுப் பொதி கொடு என்றார் கேணல். பொதியை எடுத்துக் கொடுக்கும் வேலையும் எனக்குத்தான். நான் இரண்டு கையாலும் நீட்டினேன். அம்மா வாங்கிக்கொண்டார். "பெரிய உபகாரம், மிஸ்," என்றார்.

திரும்பும்போது வாகனத்தில், அது என் அம்மா என்று சார்ஜன்ட் கேணலிடம் சொல்லிவிட்டார். கேணல் வாகனத்தை நிறுத்தச் சொன்னார். ஏசப்போகிறார் என்று பயந்தேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "ஏன் நங்கி என்னிடம் சொல்லவில்லை" என்று கேட்டார். நங்கி என்றால் தங்கச்சி என்று உங்களுக்குத் தெரியும்தானே. இது நாடு முழுவதும் அறிய வேண்டிய கதை, மகனைத் தேடும் தாய்க்கு ஆமியில் ஒரு மகள், இதைவிட நல்லிணக்கம் வேறு என்ன என்றார்.

அடுத்த கிழமையே சீமெந்து மூட்டைகளோடு நம் வீட்டு வளவுக்குப் போனார்கள். அம்மாவுக்குக் கால் ஏலாதபடியால் வீட்டோடு சேர்த்துக் குளியலறை கட்டிக் கொடுக்கப் போகிறார்களாம். கமராவும் போனது. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிட்டார். அவர்கள் வெளியே கட்டி முடித்து, வெள்ளை அடித்து, முகாமின் பெயரைச் சுவரில் எழுதிவிட்டு வந்தார்கள். அம்மா இன்னும் கிணற்றடியில்தான் குளிக்கிறார்.

அதோடு நிற்கவில்லை. மற்றத் தாய்மார் வந்து கதைத்திருக்கிறார்கள். "உனக்கு மட்டும் கட்டிக் குடுக்கிறானுகள். நாங்க கதைக்கிறது அங்க போகுதோ எண்டு பயமாக் கிடக்கு. கொஞ்ச நாளைக்கு நீ வராத பத்தினிப்பிள்ளை," என்றார்களாம். பதினெட்டு வருஷம் அவர்களோடு தெருவில் குந்தியிருந்த மனிசி. அம்மா அடுத்த போராட்ட நாளன்று படத்தை எடுத்துக்கொண்டு நம் வாசற்படியில் தனியாகக் குந்தியிருந்தாராம்.

நான் போய் விளக்கம் சொன்னால் இன்னும் கெடும். நீங்கள் மாமாவோடு கதையுங்கள். அம்மா எதையும் கேட்டு வாங்கவில்லை என்று சொல்லுங்கள். உங்களை நம்புவார்கள். பிள்ளையாரின் துணையால் உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாயிருக்க வேண்டும்.

தங்கை,
ஆர்த்திகா


மட்டக்களப்பு,
26.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் குரல் பதிவை நிலக்சி எனக்குப் போட்டுக் காட்டினாள். அம்மாவைக் கொன்றது அவள்தான், எனக்குத் தங்கச்சியே இல்லை என்று நீங்கள் சொன்னதை முழுவதும் கேட்டேன். அவள் இடையில் நிறுத்தப் பார்த்தாள். நான்தான் விடவில்லை. தூரத்தில் இருந்து உங்களுக்குப் பாதிதான் தெரிந்திருக்கிறது. மிச்சத்தை எழுதுகிறேன். நான் எழுதாவிட்டால் வேறு யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள்.

விரலை எடுத்த இடத்தில் புண் மேலே ஏறிவிட்டது. முழங்காலோடு காலை எடுத்தார்கள். நான் லீவு போட்டு வார்டில் இருந்தேன். அம்மாவுக்கு இரண்டு முறை நினைவு வந்தது. முதல் முறை என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் முறை என் கையைப் பிடித்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என்னை மகளாகக் கூப்பிட்டுப் பேசினார். "ஏதும் தெரிய வந்ததா மனே?" என்று கேட்டார்.

இது உங்களுக்கு விளங்காது, அக்கா. சேர்ந்த வருஷம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஊருக்கு வந்து, பெண் பிள்ளைகளுக்கு வேலை என்று சொன்னபோது என்னைப் போகச் சொன்னது அம்மாதான். இரவு அடுப்படியில் வைத்துச் சொன்னார். "வெளியில நிண்டு எத்தின பேரிட்டக் கேட்டுப் பார்த்தாச்சு. ஒருத்தனும் சொல்றானில்ல. உள்ளுக்குப் போனாத்தான் தெரியும். நீ போ மனே. ஒருத்தருக்கும் சொல்லாத. அக்காவுக்கும் சொல்லாத." ஊர் என்னை ஏசியபோது அம்மாவும் சேர்ந்து ஏசினார். அப்படி ஏசினால்தான் நம்புவார்கள் என்று எங்களுக்குள் பேச்சு.

முதல் மூன்று வருஷம் ஒவ்வொரு லீவிலும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்பார். நான் இல்லை என்பேன். நானும் சும்மா இருக்கவில்லை. கேட்கக்கூடிய இடத்தில் எல்லாம் கேட்டேன். ஓய்வுபெறப் போகிற ஒரு சார்ஜன்ட் மட்டும்தான் பதில் சொன்னார். "அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்கள் எல்லாம் இப்போது ஊரில் வயல் செய்கிறார்கள், நங்கி. வரம்பில் போய் நின்று கேட்கப் போகிறாயா" என்றார். வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு அம்மா கேட்பதை விட்டுவிட்டார். எனக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் அவர்களுக்காக மறைக்கிறேன் என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஏசியது பொய்க்கு இல்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் இல்லை என்றுதான் சொன்னேன். இருக்கிறான் அம்மா என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிச் சொல்லி என் வாய் அப்படிப் பழகிவிட்டது. அம்மா கையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். விடிந்தபோது இல்லை.

முகாமுக்கு அறிவித்தேன். யாரும் வர வேண்டாம், ஊர் அப்படி என்று மேஜரிடம் சொல்லி அழுதேன். ஒரு சிப்பாயின் தாய் எங்களுக்கும் தாய், அவரை நாங்கள் தெருவில் விடுவோமா என்றார். அது கேணலின் கட்டளை. ஒரு லெப்டினன்ட், ஒரு லொறி நிறையப் பொடியன்கள், கூடாரம், கதிரை, மலர்வளையம், கமரா, எல்லாம் வந்தது. சவப்பெட்டியைத் தங்கள் லொறியிலேயே ஏற்றிக்கொண்டு குருக்கள்மடத்துத் துறைக்குக் கொண்டுவந்தார்கள்.

மாமா ஊர் ஆட்களோடு வாவியின் அக்கரையிலிருந்து பாதைப் படகை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். உங்களுக்கு நினைவிருக்கும், இப்போது அந்தப் படகுக்குப் புது இயந்திரம் போட்டிருக்கிறார்கள். வெள்ளை வேட்டியோடு முப்பது பேரளவில் அதில் நின்றார்கள். பறை அடிப்பவர்களும் இருந்தார்கள். மனது வைத்துத்தான் வந்திருந்தார்கள், அக்கா. அம்மாவின் மீது இருந்த கோபத்தை எல்லாம் சாவோடு விட்டுவிட்டு வந்திருந்தார்கள். லொறியைக் கண்டதும் பறை நின்றது.

மாமா என்னிடம் வந்தார். "மருமகள், எங்கட அக்காவ நாங்க கொண்டு போறம். பெட்டிய வெச்சிப்போட்டு அவங்களக் கிறுகிப் போகச் சொல்லு," என்றார். நான் லெப்டினன்டிடம் சொன்னேன். அவன் சின்னப் பொடியன். முகம் வாடிப்போனது. நாங்கள் மரியாதை செய்ய வந்தோம், குழி வரைக்கும் போக வேண்டும் என்று எனக்குக் கட்டளை, பாதி வழியில் திரும்பினால் நான் என்ன பதில் சொல்வது என்றான். அதை மாமாவிடம் சொன்னேன்.

"அப்ப எங்களுக்கு இதில வேலயில்ல," என்றார் மாமா.

இரண்டு பக்கத்துக்கும் இரண்டு மூன்று தரம் மொழிபெயர்த்தேன். என் தாயின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதைத்தான் செய்தேன். பிறகு என் சொந்த வாயால் மாமாவிடம் கேட்டேன். என்னை விடுங்கள், அம்மாவைப் பாருங்கள் என்றேன். மாமா பெட்டியைப் பார்த்தார். "அவங்க தூக்கிற பெட்டியெண்டா, உசிரோட இருந்தா அவவே இறங்கிப் போயிருப்பா," என்றார்.

பாதைப் படகில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோரமாகப் போய், தென்னை மரங்களுக்குக் கீழே எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். படகு ஓட்டுபவர் ஒருவர் மட்டும் தன் வேலை என்பதால் நின்றார். சிப்பாய்கள் பெட்டியை ஏற்றினார்கள். வாவியைக் கடக்கும்வரை அம்மாவுக்குப் பக்கத்தில் பச்சை உடுப்புத்தான். நான் ஒருத்திதான் சேலையோடு இருந்தேன்.

வீட்டில் நிலக்சி மட்டும் விளக்குக் கொளுத்தி வைத்திருந்தாள். பெண்கள் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒப்பாரி இல்லை. பொடியன்கள் கூடாரத்தில் கதிரைகளை வரிசையாகப் போட்டார்கள். ஒன்றிலும் ஆள் இல்லை.

நம் ஆட்கள் குழியும் வெட்டவில்லை. சிப்பாய்களே மண்வெட்டி கொண்டுபோய் வெட்டினார்கள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. நான் போனேன். வேறு யார் போவது? மழை பெய்து மண் ஊறியிருந்தது. ஓரம் சரியாமல் வெட்டி, மண்ணை ஒரே பக்கமாக ஒதுக்கி, சீக்கிரம் முடித்துவிட்டார்கள். பழகிய கைகள். அந்தப் பொடியன்களில் ஒருவனும் துசாந்தனைக் கொண்டுபோன காலத்தில் பத்து வயதைத் தாண்டியிருக்கமாட்டான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர்கள் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த நினைப்பை உங்களுக்கு எழுதமாட்டேன்.

பெட்டியை அலுங்காமல் இறக்கினார்கள். ஒருவன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மண் போட்டான். லெப்டினன்ட் சல்யூட் அடித்தான். படம் எடுத்தார்கள்.

அடுத்த நாள் ஊடகப் பிரிவில் என்னைக் கூப்பிட்டு, படத்துக்குக் கீழே போடத் தமிழ் வசனம் கேட்டார்கள். சிங்களத்தில் எழுதி வைத்திருந்ததைத் தமிழாக்கினேன். "காலஞ்சென்ற பத்தினிப்பிள்ளை அம்மையாரின் இறுதிக் கிரியைகள் இராணுவத்தினரின் பங்களிப்புடன் ஊர்மக்கள் சூழ நடைபெற்றன." ஊர்மக்கள் சூழ என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். நானும் அப்படியே எழுதினேன். அந்தப் படம் இப்போது எங்கள் சாப்பாட்டு மண்டபத்துச் சுவரில் தொங்குகிறது. கேணலின் விருப்பம். சந்திரலதா எனக்காக அதற்கு முதுகு காட்டும் பக்கத்து மேசையைப் பிடித்து வைக்கிறாள்.

ஆமியை விட்டு விலகு என்று முன்பெல்லாம் சொல்வீர்கள். விலகி எங்கே போவது? வீட்டைப் பூட்டிய திறப்பு மாமாவிடம் இருக்கிறது. நான் கேட்கவில்லை. அவரும் தரவில்லை. ஊரில் யாரிடமாவது, அம்மாதான் என்னை அனுப்பினார் என்று சொல்லலாம்தான். சொன்னால் செத்தவர் சொல்லிக் கொடுத்த பொய் என்பார்கள். அல்லது நம்பிவிடுவார்கள், நம்பினால் அம்மாவையும் என்னைப் போலவே பேசுவார்கள். நாளைக்குக் காலையில் வழக்கம்போல அணிவகுப்புக்குப் போவேன்.

ஒரு காரியம் கேட்கிறேன். முப்பத்தோராம் நாளுக்கு இங்கே ஐயர் வரமாட்டார் என்று நிலக்சி சொன்னாள். அங்கே உங்கள் கோயிலில் அம்மாவின் பெயரைச் சொல்லி ஒரு படையல் செய்யுங்கள். அதில் என் பெயரைச் சேர்க்க வேண்டாம். அம்மா சொன்ன கணக்குப்படி இரண்டு பிள்ளைகளின் பெயர் போதும்.

இன்னொன்று. துசாந்தன் எங்காவது இருந்து, என்றைக்காவது உங்கள் கதவைத் தட்டினால் நன்றாகச் சாப்பாடு கொடுங்கள். அம்மா கடைசி வரைக்கும் அவனைத்தான் கேட்டார் என்று சொல்லுங்கள். சீனி வருத்தத்தில் போனார், ஆஸ்பத்திரியில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லுங்கள். யார் தூக்கினார்கள் என்று கேட்பான். ஊர் தூக்கியது என்று சொல்லிவிடுங்கள், அக்கா.

ஆர்த்திகா